கட்டாத வீட்டில் விழும் வெயில்

ரொறன்ரோவில் ஒரு கட்டடம் எழுவதற்கு முன்பே அதன் படம் எழுந்துவிடும். வெறும் நிலத்தைச் சுற்றிப் பலகை வேலி. வேலியில் 40 மாடிக் கண்ணாடிக் கோபுரம், மாலை வெயில், பல்கனியில் கோப்பிக் கோப்பையோடு ஒரு பெண், கீழே நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் ஒருவர். படத்தின் மூலையில், கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் எழுத்தில், ‘ஓவியரின் கற்பனை’ என்று ஒரு வரி. நிலத்தில் இன்னும் கிடங்குகூட வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து முற்பணம் கட்டி, வருடக்கணக்காகக் காத்திருக்கச் சம்மதித்து ஆட்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எங்கள் சனத்திலும் அப்படிக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் நிறைய.

அந்தப் பெண்ணும் நாயும் வெயிலும் கணினியில் செய்தவை என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மூலையில் கிடக்கும் அந்தச் சின்ன வரிக்குப் பின்னால் கிட்டத்தட்ட 600 வருட வழக்கு ஒன்று இருக்கிறது. இன்னும் கட்டாத கட்டடத்தைப் படமாகக் காட்டுவது, சரிபார்ப்பதற்கா, விற்பதற்கா? கணினி வந்து இந்த வழக்கைத் தீர்க்கவில்லை. இன்னும் சிக்கலாக்கியிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஆங்கில ஒப்பந்தங்களை வாசித்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான் என்பதால், இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தொடங்குவோம். 1400களின் தொடக்கத்தில் பிலிப்போ புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு வேடிக்கை காட்டினார். ஊரில் இருந்த ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளை போட்டார். பலகையின் பின்பக்கம் கண்ணை வைத்து, எதிரே பிடித்த முகம் பார்க்கும் கண்ணாடியில் அந்தப் படத்தைத் துளை வழியே பார்க்கவேண்டும். பார்த்தவர்களுக்கு மண்டபத்தையே நேரில் பார்ப்பதுபோல இருந்தது. தூரத்தில் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைக் கணக்குப்படி வரைய முடியும் என்று அவர் காட்டிவிட்டார். பெர்ஸ்பெக்டிவ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அந்தக் கணக்கை 1435இல் எழுத்தில் விளக்கியவர் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தி. அது ஓவியர்களுக்கான நூல். பிறகு 1450களில் கட்டடக் கலை பற்றி இலத்தீனில் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் அவர் சொன்னதை முதன்முதலில் வாசித்தபோது நான் இரண்டு தடவை வாசித்தேன். நிழலும் ஆழமும் காட்டி வரைவது ஓவியர் வேலை, கட்டடக் கலைஞர் அதைத் தொடக்கூடாது என்கிறார்! ஓவியர்களுக்கு அந்த வித்தையை எழுதிக் கொடுத்தவரே கட்டடக்காரர்களுக்கு அதைத் தடைசெய்கிறார்.

அவருடைய காரணம் நேரானது. பெர்ஸ்பெக்டிவ் படத்தில் தூரத்துச் சுவர் சுருங்கிவிடும். அந்தப் படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து எதையும் அளக்க முடியாது. தள வரைபடத்தில் அளக்கலாம். மரத்தில் செய்த சிறு மாதிரியிலும் அளக்கலாம். அந்த மாதிரிக்குக்கூட வர்ணம் பூசி மினுக்கக் கூடாது என்றார். மினுக்கினால் பார்ப்பவர் மினுக்கலைப் பார்த்துவிட்டு, கட்டடத்தைப் பார்க்காமல் போய்விடுவார்.

யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கட்டடம் கட்டக் காசு வேண்டும். காசு வைத்திருப்பவருக்குத் தள வரைபடம் வாசிக்கத் தெரியாது. படம் காட்டினால்தான் வேலை கிடைக்கும்.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஒருவரைச் சொல்லவேண்டும். ஹம்ப்ரி ரெப்டன் என்ற ஆங்கிலேயர், 1788இல் தோட்டங்களை வடிவமைக்கும் தொழிலுக்கு வந்தார். பணக்காரரின் நிலத்தைப் பார்த்துவிட்டு, சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் செய்துகொடுப்பார். உள்ளே இப்போது உள்ள நிலத்தின் நீர்வண்ணப் படம் இருக்கும். படத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு தாளை விலக்கினால், அதே இடம் ஏரியும் மரங்களுமாக மாறியிருக்கும். இன்றைக்கு வீடு திருத்துகிறவர்கள் இன்ஸ்டகிராமில் போடும் ‘முன்பும் பின்பும்’ படங்களுக்கு இவர்தான் பூட்டன். அவருடைய ‘முன்பு’ படங்களைப் பார்த்தால் ஒன்று கவனிப்பீர்கள். அவை பெரும்பாலும் கொஞ்சம் சோர்ந்துபோய்த்தான் இருக்கும்.

பிறகு நியூயோர்க்கில் ஹியூ பெர்ரிஸ். அந்த நகரம் 1916இல் ஒரு சட்டம் போட்டது. தெருவுக்கு வெளிச்சம் வரவேண்டும் என்பதற்காக, உயரமான கட்டடங்கள் மேலே போகப் போக உள்ளே ஒதுங்கவேண்டும். சட்டத்தின் எழுத்தை வாசித்து யாருக்கும் கட்டடம் எப்படி இருக்கும் என்று புரியவில்லை. பெர்ரிஸ் 1922இல் கரித்துண்டால் நான்கு படங்கள் வரைந்து, சட்டம் அனுமதிக்கும் வடிவத்தைப் படிப்படியாகக் காட்டினார். இருட்டுக்குள்ளிருந்து மலைபோல எழும் கட்டடங்கள். எனக்கு இவரைப் பிடிக்கும். வியக்க வைக்கும் படம் விளங்க வைக்கும் படமாகவும் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

இனிக் கணினி. 1963இல் எம்.ஐ.ரி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையும் ஸ்கெட்ச்பாட் என்ற நிரலைத் தன் ஆய்வுக்காக எழுதினார். பிறகு யூட்டா பல்கலைக்கழகத்தில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. வளைந்த மேற்பரப்பில் வெளிச்சத்தை எப்படிப் படிப்படியாக மங்கவைப்பது என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டுமென்று 1975இல் மார்ட்டின் நியூவெல் தன் வீட்டுத் தேத்தண்ணிக் கேத்தலின் வடிவத்தை எண்களாக மாற்றினார். கட்டடப் படங்கள் செய்யப் பலர் பயன்படுத்தும் த்ரீடிஎஸ் மாக்ஸ் மென்பொருளில் இன்றைக்கும் கனசதுரம், கோளம் என்று வரிசையாக வரும் அடிப்படை வடிவங்களில் அந்தக் கேத்தலும் ஒன்று.

ஆனால் கட்டடக் கலைக்குக் கணினிப் படத்தைக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீன்பேர்க்கைத்தான் காட்டுவேன். கட்டடக் கலையும் பொறியியலும் இரண்டும் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் அவரிடம் படம் வரையக்கூடிய கணினி இல்லை. ஒரு மணி நேரக் கார் ஓட்டத் தூரத்தில், சிரக்யூஸ் நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் ஒன்று இருந்தது. விண்வெளிப் பயிற்சிக்காகச் செய்த இயந்திரம். மாலையில் அங்கே வேலை செய்பவர்கள் வீட்டுக்குப் போனபிறகு கிரீன்பேர்க்கும் மாணவர்களும் போய், விடியும்வரை அதில் வேலை செய்வார்கள். அப்படித் தங்கள் பல்கலைக்கழக வளாகத்தைக் காட்டும் ஒரு குறும்படம் செய்தார்கள். 1974 மே மாத ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் கட்டடக் கலையில் கணினிப் படங்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது.

படங்கள் வந்தன, ஆனால் வெளிச்சம் சரியில்லை. அந்தக் காலத்துக் கணினிப் படங்களில் எல்லாம் பிளாஸ்டிக்போலத் தெரியும். காரணம் இதுதான். உங்கள் அறையில் ஒரு சிவப்புச் சுவர் இருந்து, பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால், வெள்ளைச் சுவரின் ஓரம் இலேசாகச் சிவக்கும். பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சுவருக்குச் சுவர் வெளிச்சம் தெறித்துக்கொண்டே இருக்கும். கட்டிலுக்குக் கீழே விளக்கே இல்லை, ஆனாலும் அங்கே முழு இருட்டு இல்லை. அன்றைய நிரல்களுக்கு இது தெரியாது.

வெளிச்சத்துக்கு வழி காட்டியது வெப்பம். உலைக்குள் ஒரு சூடான சுவர் இன்னொரு சுவருக்கு எவ்வளவு வெப்பம் அனுப்பும் என்று இயந்திரப் பொறியியலாளர்கள் ஏற்கனவே கணக்கிட்டு வந்தார்கள். வெளிச்சமும் அதே விதமாகத்தானே போகிறது? கிரீன்பேர்க்கோடு கென்னத் ரொறன்ஸ் என்ற இயந்திரப் பொறியியல் பேராசிரியரும் சேர்ந்தார். அறையின் சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு கட்டமும் மற்ற ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் அனுப்பும் என்று சமன்பாடு எழுது. எல்லாவற்றையும் சேர்த்துத் தீர். பள்ளிக்கூடத்தில் இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடு தீர்க்கிறீர்களே, அதேதான். ஆனால் ஆயிரம் கட்டங்கள் என்றால் பத்து இலட்சம் சோடிகள். 1984இல் அவர்கள் குழு வெளியிட்ட இந்த முறைக்கு ரேடியோசிட்டி என்று பெயர்.

அதைச் சோதித்த விதம் எனக்கு இன்னும் வியப்பு. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம், மற்றவை வெள்ளை என்று வெறும் பெட்டி ஒன்றைக் கணினியில் வரைந்தார்கள். கோர்னெல் பெட்டி என்று சொன்னால் இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பிறகு உண்மையாகவே ஒரு பெட்டியைச் செய்து வைத்தார்கள். 1986இல் வெளிவந்த சோதனையில், உண்மைப் பெட்டியையும் கணினிப் படத்தையும் ஒரே மாதிரியான சட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது உண்மை என்று ஆட்களைக் கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் பிழையாகச் சொன்னார்கள். அதாவது நாணயம் சுண்டிப் பார்த்துச் சொல்வதும் ஒன்றுதான்.

அல்பெர்த்தி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவர் ஓவியரைத் தடுத்தது, ஓவியம் அளவைச் சிதைக்கும் என்பதால். இங்கே அளவு இருக்கிறது. வெளிச்சம்கூட இயற்பியல் கணக்கின்படி விழுகிறது. இதைவிட நேர்மையான படம் வேறென்ன வேண்டும்?

கதை அதோடு முடியவில்லை. அந்தப் படத்தைச் செய்யும் ஆற்றல் ஆய்வுக்கூடத்திலிருந்து மேசைக்கு வந்தது. 1982இல் ஓட்டோகாட். 1983இல் எங்கள் ரொறன்ரோவிலேயே ஏலியஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. மாயா மென்பொருள் அங்கிருந்து வந்ததுதான். 1990இல் த்ரீடி ஸ்டூடியோ, அதே வருடம் போட்டோஷொப். 2000இல் ஸ்கெட்ச்அப். 2002இல் பல்கேரியாவின் சோபியா நகரிலிருந்து வீ-ரே வந்தபிறகு, தெறிக்கும் வெளிச்சம் ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகிவிட்டது. இந்த வரிசையில் ஸ்கெட்ச்அப் கொஞ்சம் வித்தியாசமானது. அதன் படங்கள் பென்சிலால் வரைந்ததுபோல, மூலையில் கோடுகள் கொஞ்சம் தாண்டிப்போய் நிற்கும். இது இன்னும் யோசனைதான், முடிவு அல்ல என்று படமே சொல்லும். அப்படிப்பட்ட படத்தைக் கண்டால் பார்ப்பவரும் பயமில்லாமல் ‘இந்தச் சுவரை எடுத்தால் என்ன?’ என்று கேட்பார். முழுக்கப் புகைப்படம் போன்ற படத்தைக் காட்டினால் கதிரையின் நிறத்தைப் பற்றித்தான் பேச்சு வரும்.

கதிரை என்றதும் ஐக்கியா. 2006இல் பெர்ட்டில் என்ற மரக் கதிரையின் படத்தை அவர்கள் புகைப்படமெடுக்காமல் கணினியில் செய்தார்கள். சில வருடங்கள் கழித்து நிறுவனத்துக்குள்ளேயே ஒரு முறைப்பாடு வந்தது. இந்தக் கணினிப் படங்கள் மோசமாக இருக்கின்றன, நிறுத்துங்கள் என்று. மோசம் என்று சொல்லப்பட்ட படங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் அதிகம் உண்மையான புகைப்படங்கள். நல்லவை என்று பாராட்டப்பட்டவைதான் கணினியில் செய்தவை. பிறகு புகைப்படக்காரர்கள் எல்லோருக்கும் கணினி வேலையும், கணினிக்காரர்களுக்குப் புகைப்படக் கலையும் கற்றுக்கொடுத்தார்கள். 2014 அளவில் அவர்கள் பொருட் படங்களில் முக்கால்வாசி கணினியில் செய்தவை.

பெட்டிக்குள் விழும் வெளிச்சம் நேர்மையானது. சரி. பெட்டியை எங்கிருந்து பார்ப்பது என்பதை யார் முடிவுசெய்கிறார்?

கணினிக்குள் கமரா ஒரு கணக்கு மட்டும்தான். பத்து அடி அறையைப் புகைப்படக்காரர் எடுக்கப்போனால் அவர் முதுகு சுவரில் முட்டும். கணினிக் கமரா சுவருக்குள்ளால் பின்னே போய் வெளியில் நின்றுகொண்டு, இடையில் உள்ள சுவரை மட்டும் மறைத்துவிட்டுப் படம் எடுக்கும். வீடு கட்டி முடிந்தபிறகு அந்த இடத்தில் யாரும் என்றைக்கும் நிற்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர. லென்ஸும் அப்படியே. சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கு அகலவாட்டில் ஏறக்குறைய 40 பாகை தெரியும். 18 மி.மீ. என்று ஒரு எண்ணை மாற்றினால் 90 பாகை. அறை ஓடி விரிந்துவிடும்.

வெயிலுக்கும் ஒரு எண்தான். ரொறன்ரோவில் டிசம்பர் மதியத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறும். வடக்கு நோக்கிய யன்னலுக்குக் கோடையில் அதிகாலையிலும் பின்னேரம் பிந்தியும் மட்டும் கொஞ்சம் நேரடி வெயில் வரும், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. ஆனால் படத்தில் எந்த யன்னலுக்கும் எப்போதும் வெயில் வரும். எதிர்க் கட்டடத்தை அழிப்பதும் ஒரு பொத்தான். ஒருமுறை ஒரு விற்பனைக் கூடத்தில் குசினிப் படத்தைப் பார்த்த என் மாமி கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அரிசி மூட்டையை எங்க வைக்கிறது?” படத்தில் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு பூச்சாடியும் இருந்தன. அந்தக் கூட்டத்தில் படத்தை அளவெடுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. நகரத்தின் நடுவில் உள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்துக்குப் பள்ளியிலிருந்து போயிருப்பீர்கள். 2002இல் டானியல் லிபெஸ்கிண்ட் அதன் புதிய பகுதிக்கான வடிவத்தைக் கடதாசிக் கைக்குட்டைகளில் கிறுக்கினார். அப்போது வந்த படங்களில் அது ஒளி ஊடுருவும் பளிங்குக் கல், இரவில் உள்ளிருந்து ஒளிரும். 2007இல் திறந்தபோது கால்வாசி கண்ணாடி, முக்கால்வாசி அலுமினியத் தகடு. பழைய துணியும் தோலும் வைத்திருக்கும் இடத்துக்குள் நேர்வெயிலை விடமுடியாது என்பது யாருக்கும் விளங்கும். வடிவம் வளரும்போது மாறுவதும் வழக்கம். ஆனால் ஊரின் மனதில் பதிந்தது முதல் படம்தான். பலர் கட்டடத்தின்மேல் கோபப்பட்டபோது, அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் கோபப்பட்டார்கள்.

அருங்காட்சியகம் என்றால் கோபத்தோடு போய்விடும். வீடு அப்படியல்ல. கட்டப்போகும் கொண்டோ ஒன்றைக் கட்டுநரிடமிருந்து வாங்குபவருக்கு, ஒப்பந்தமும் விவர அறிக்கையும் கைக்கு வந்தபிறகு மனம் மாற ஒன்ராறியோச் சட்டம் 10 நாட்கள் தருகிறது. அதற்குப் பிறகு கட்டுப்படவேண்டும். பொதுவாக அந்த ஒப்பந்தங்களில், பொருட்களையும் அமைப்பையும் கட்டுநர் மாற்றலாம் என்று ஒரு பந்தி இருக்கும். வேலியில் இருந்த படம் ஒப்பந்தத்தில் இருக்காது. தள வரைபடம் இருக்கும், சிறிதாக, சாம்பல் நிறத்தில். அந்த 10 நாளில் வாசிக்கவேண்டியது அதைத்தான். அல்பெர்த்தி சொன்ன அதே தாள்.

நகரங்கள் தங்களுக்காக இதை ஓரளவு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கின்றன. லண்டனில் சென் போல் தேவாலயத்தின் தோற்றத்தை உயரக் கட்டடங்கள் மறைக்காமல் 1930களிலிருந்து காத்துவருகிறார்கள். அங்கே முக்கியமான காட்சிகளுக்குள் வரும் புதிய கட்டடத்தின் படத்தை நினைத்த இடத்திலிருந்து செய்ய முடியாது. கமரா நின்ற புள்ளியை அளந்து, லென்ஸைக் குறித்து, உண்மையான புகைப்படத்தின் மேல் கட்டடத்தைச் சரியான அளவில் பொருத்திக் காட்டவேண்டும்.

ரொறன்ரோவிலும் 2025 வரை உயரமான கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர் நிழல் ஆய்வு ஒன்று கொடுக்கவேண்டியிருந்தது. மார்ச், ஜூன், செப்டெம்பர் மாதங்களின் 21ஆம் திகதிகளில், கட்டடத்தின் நிழல் மணிக்கு மணி எங்கே விழும் என்ற படங்கள். மேலிருந்து பார்த்த வெறும் பெட்டிகள், சாம்பல் நிழல். செய்வது பெரும்பாலும் அதே மென்பொருட்கள்தான். அந்தப் படங்களில் பூச்சாடி இல்லை, நாய் இல்லை, கோப்பி குடிக்கும் பெண் இல்லை. மாநகரசபையின் இணையத்தளத்தில் விண்ணப்பங்களோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், யாரும் இறக்கிப் பார்க்கலாம். உங்கள் பள்ளி மைதானத்துக்குப் பக்கத்தில் பலகை வேலி ஒன்று வந்திருந்தால், செப்டெம்பர் 21 பின்னேரப் படத்தில் அந்த நிழல் எதுவரை வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஸ்கெட்ச்அப்பில் ஊரையும் திகதியையும் கொடுத்து, ஒரு பெட்டியை நிறுத்தி, நீங்களே போட்டும் பார்க்கலாம். அரை மணி நேர வேலை.